பாளி கற்ற தேசாதிபதியும் 1915இன் இராணுவச் சட்டமும்

இலங்கையை ஆண்ட பிரித்தானியத் தேசாதிபதிகளுள் பௌத்த நூல்களைப் பாளி மொழியிலேயே வாசித்தறிந்த அறிஞர் சேர் றொபேட் சால்மர்ஸ். ஆயினும், பௌத்த சிங்கள மக்கள் மீது இராணுவச் சட்டம் ஏவப்பட்டதும் அவரது ஆட்சியிலேதான். இந்த முரண்பாடு சிந்தனைக்குரியது.

1858இல் பிறந்த சால்மர்ஸ், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1882இல் பிரித்தானியத் திறைசேரியில் சேர்ந்தார். பகலில் கணக்குகளோடும், ஓய்வு வேளையில் பாளிச் சுவடிகளோடும் வாழ்ந்தவர். ஜாதகக் கதைகளின் முதலாம் தொகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1895இல் வெளியிட்டார். 1911இல் திறைசேரியின் நிரந்தரச் செயலாளரானார். 1913இல் இலங்கைத் தேசாதிபதியாக வந்தார். பௌத்தம் அறிந்த ஒருவர் வருகிறார் என்பதில் பலரும் மகிழ்ந்திருக்கக்கூடும்.

1915 மே மாத இறுதியில், கண்டியில் பள்ளிவாசலொன்றின் அருகே சென்ற வெசாக் ஊர்வலத்தையொட்டி மூண்ட மோதல், சில நாட்களிலேயே பல மாகாணங்களுக்கும் பரவியது. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,000க்கும் அதிகமான கடைகள் சூறையாடப்பட்டன என்பது அரசாங்கக் கணக்கு. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே மே மாதத்திலேதான் சால்மர்ஸின் புதல்வர் இருவரும் போர்முனையில் உயிரிழந்திருந்தனர்.

கலவரம் ஜூன் முதல் வாரத்துடன் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. இனக்கலவரத்தை அரசுக்கெதிரான சதியாக ஆட்சியாளர் கண்டதே இதற்குக் காரணம். டி.எஸ். சேனநாயக்க, எப்.ஆர். சேனநாயக்க, டி.பி. ஜயதிலக முதலானோர் சிறையிலடைக்கப்பட்டனர். விசாரணையின்றியே சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 26 வயதேயான ஹென்றி பேத்ரிஸ், இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்த அநீதிக்கெதிராகச் சட்டநிரூபண சபையில் குரலெழுப்பியவர் படித்த இலங்கையரின் பிரதிநிதியான சேர் பொன்னம்பலம் இராமநாதன். போர்க்காலக் கடற்பயணத்தின் ஆபத்தையும் பொருட்படுத்தாது லண்டன் சென்று முறையிட்டார். 1916இல் அங்கேயே ஒரு நூலையும் வெளியிட்டார். திரும்பி வந்தபோது, அவரது வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றனர். ஆனால், தம் இழப்புகளை அவர் உரியவாறு எடுத்துரைக்கவில்லை என்ற மனக்குறை முஸ்லிம்களிடையே நெடுங்காலம் நிலைத்தது. அந்த ஊர்வலக் காட்சியை நினைவுகூரும் நாம், இந்த மனக்குறையை மறந்துவிடலாகாது.

சால்மர்ஸ் 1915 டிசம்பரில் இலங்கையை விட்டு நீங்கினார். 1916இல், ஈஸ்டர் கிளர்ச்சியின் பின்னர் இராணுவச் சட்டத்தின் கீழிருந்த அயர்லாந்தில் சிலகாலம் பணியாற்றினார். பின்னர் பிரபுப் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜின் பீற்றர்ஹவுஸ் கல்லூரிக்குத் தலைவரானார். புத்தரின் உபதேசங்கள் அடங்கிய மஜ்ஜிம நிகாயத்தை 1926, 1927ஆம் ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1938இல் மறைந்தார்.

ஒரு மக்களின் வேதநூலைக் கற்பது வேறு. அம்மக்களை அறிவது வேறு. கருணையைப் போதிக்கும் நூல்களைப் பெயர்த்தவரின் ஆட்சியில், நீதி கேட்க லண்டன்வரை செல்லவேண்டியிருந்தது. ஆட்சியாளரின் கல்வியன்று, அவரது அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமே மக்களைக் காக்கும். 1915 விட்டுச்சென்ற பாடம் இதுவே.