கூரத்துச் செப்பேடு சொல்லும் கணக்கு

தங்கை கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். கூட வந்தவன் நம் கல்லூரித் தோழன். பெண்கள் புடவை பார்த்து முடிக்க மதியம் ஆகிவிடும் என்று தெரிந்ததும், "வாடா, கூரம் போயிட்டு வந்துடலாம்" என்று கிளம்பினோம். காஞ்சியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர்.

இராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் பல்லவர் கால நடராஜர் திருமேனி ஒன்றும் இங்கிருந்து போனதுதான். ஆனால் நான் தேடிப் போனது ஒரு சின்னச் சிவன் கோயிலை. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. மலையைக் குடையாமல், கருங்கல் பலகைகளை நிறுத்திக் கட்டியது. தமிழகத்தில் அந்த வகையில் மிகப் பழையவற்றுள் ஒன்று. பின்புறம் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. இன்று சிதைந்துதான் நிற்கிறது.

"இவ்வளவுதானா?" என்றான் நண்பன்.

கூரத்தில் கிடைத்த செப்பேட்டைப் பற்றிச் சொன்னேன். ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதை 1890இல் பதிப்பித்தார். மன்னன் பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பெரும்பிடுகு கால்வாயையும் அதில் காணலாம். ஒரு கிராமத்தின் வருவாயை 25 பங்காக்கி, 20 பங்கை நான்மறை கற்ற அந்தணர்களுக்குக் கொடுத்தான். மீதி ஐந்தில் 3 பங்கு கோயில் வழிபாட்டுக்கும் பழுதுபார்க்கவும். 1 பங்கு மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தர. 1 பங்கு அங்கே பாரதம் வாசிக்க.

எஞ்சினியரான எனக்கு இந்த இடம்தான் சுருக்கென்று தைத்தது. கட்டுகிற அன்றைக்கே பழுது பார்க்கும் செலவுக்கு வழி செய்திருக்கிறான்! நாம்? எங்கள் செட் கல்லூரிக்குக் கொடுத்த குடிநீர்த் தொட்டியில் எங்கள் பெயர்ப்பலகை இன்றும் பளபளக்கிறது; குழாயில் தண்ணீர் வரவில்லை. கல்லூரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பராமரிப்புக்கென்று நாங்கள் ஒரு பைசாகூட ஒதுக்கவில்லை.

திரும்பும் வழியில் நண்பன் சொன்னான்: "அடுத்த மீட்டிங்ல இதைப் பேசணும்டா."

பேசுவோம், நண்பர்களே. இனி எதைக் கொடுத்தாலும் 25இல் 3 பங்கையாவது பழுதுபார்க்க எடுத்து வைப்போம். கருங்கல்லே ஆனாலும் கவனிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கூரத்தில் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். மாணவத் தம்பிகளே, நீங்களும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.