ஜன்னலுக்கு உள்ளே இருந்து ஒரு வால்மீன்

போன வருஷம் ஒரு பைனாகுலர் வாங்கினேன். 10×50. அதாவது 10 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 50 மில்லிமீட்டர். இருட்டில் நம்ம கண்மணி விரிவதே அதிகபட்சம் 7 மில்லிமீட்டர்தான். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 50 மடங்கு வெளிச்சம் உள்ளே வரணும். ஆனா மொட்டைமாடியில ரெண்டு ராத்திரி பார்த்துட்டு அலமாரியில வெச்சுட்டேன். டெலஸ்கோப்பே வாங்கியிருக்கலாமோன்னு தோணுச்சு. அப்புறம்தான் ஜார்ஜ் ஆல்காக் பற்றிப் படிச்சேன்.

இங்கிலாந்தில் பீட்டர்பரோ பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர். 1953-ல் வால்மீன் தேட ஆரம்பித்தார். ஆறு வருஷம் ஒண்ணுமே கிடைக்கலை. பிறகு 1959 ஆகஸ்டில் ஐந்தே நாள் இடைவெளியில் இரண்டு!

அதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். நோவா என்பது நேற்று வரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்து திடீரென்று பிரகாசமாகும் நட்சத்திரம். புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு தெரியணும்னா, பழசு எல்லாம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? ஆல்காக் மனப்பாடம் பண்ணினார். சுமார் 30,000 நட்சத்திரங்கள் என்பார்கள். நம்ம தெருவுல புது ஆள் வந்தா டக்குன்னு தெரியுமே, அந்த மாதிரி. 1967-ல் அவருடைய முதல் நோவா சிக்கியது.

1983-ல் விண்வெளிக்குப் போன ஐராஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கி, ஏப்ரல் 25-ல் ஒரு நகரும் பொருளைப் பதிவு செய்தது. அது வால்மீன்தான் என்று வெளியே தெரிவதற்குள் மே 3 வந்துவிட்டது. அன்று ஜப்பானில் கெனிச்சி அராகியும் இங்கிலாந்தில் ஆல்காக்கும் தனித்தனியாக அதையே கண்டுபிடித்தார்கள். அராகியும் ஒரு வாத்தியார்தான்! ஆல்காக் வெளியேகூடப் போகலை. வீட்டுக்குள்ள இருந்து, மூடின ஜன்னல் கண்ணாடி வழியா பைனாகுலர்ல பார்த்தார். எட்டு நாள் கழித்து அந்த வால்மீன் பூமியிலிருந்து சுமார் 47 லட்சம் கிலோமீட்டரில் கடந்து போனது. நிலாவின் தூரத்தைப் போல 12 மடங்குதான். 200 வருஷத்தில் வேறெந்த வால்மீனும் அவ்வளவு பக்கத்தில் வந்ததாகப் பதிவில்லை. அதன் பெயரிலேயே மூவரும் இருக்கிறார்கள்: ஐராஸ்–அராகி–ஆல்காக். ஒரு செயற்கைக்கோள், ரெண்டு வாத்தியார்.

1991-ல், 78 வயதில், ஹெர்குலிஸ் மண்டலத்தில் இன்னொரு நோவா. மறுபடியும் ஜன்னல் வழியாகத்தான். கையில் இருந்தது 10×50.

நான் அலமாரியிலிருந்து என்னுடையதை எடுத்துட்டேன். ரோகிணியைச் சுத்தி இருக்கிற கூட்டத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டிருக்கேன். இதுவரைக்கும் 11 நட்சத்திரம்.