கட்டிலுக்கு அடியில் காற்று

சிங்கப்பூர்க் கடைவீடுகளுக்கு முன்னே கூரையிட்ட நடைவழி வேண்டுமென்று 1822இல் ராஃபிள்ஸ் விதித்தார். பிற்காலத்தில் அந்த ஐந்தடி வழியில் சீக்கியரும் பிற வடஇந்தியருமான காவற்காரர்கள் இரவில் கயிற்றுக் கட்டில் போட்டுக் கிடந்தார்கள். ‘ஜாகா’ என்று ஊரார் அழைத்தனர். கட்டிலுக்கு அடியில் ஓடும் காற்று வெக்கை ஊரில் வரம். இங்கிருந்து குளிர்மலை ஏறி, மரங்களுக்கிடையே வலைத்தொட்டில் கட்டி உறங்குவோருக்கோ அதே காற்று உடற்சூட்டைப் பறிக்கும் பகை.

உள்ளே மெத்தை விரித்தால் போதாதா என்று கேட்போம். குளிரைத் தடுப்பது பஞ்சன்று, பஞ்சுக்குள் சிக்கிய காற்று. முதுகு நசுக்கிய இடத்தில் காற்று ஏது? ஆகவே மெத்தையைத் தொட்டிலுக்கு வெளியே, அடியில் தொங்கவிடுகிறார்கள். நம் பாட்டிமார் இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு உப்பவைத்ததும் இதே கணக்குத்தான்.

அந்த இலவம்பஞ்சுக்கு ஜாவா பெரிய களஞ்சியம். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் வசமாயின. பஞ்சு கிட்டாத அமெரிக்கர், கடலில் மிதக்கும் உயிர்காப்புச் சட்டைகளுக்காக, எருக்கின் இனத்துக் காட்டுச்செடிப் பஞ்சைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கினர்!

இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941இலேயே பாலியெஸ்டர் இழையைக் கண்டிருந்தனர். நனைந்தாலும் உப்பல் பெரிதும் குறையாத அவ்விழைப் பஞ்சே இன்று தொட்டிலடியில் அடுக்கப்படுகிறது. குளிர் கூடினால் இன்னோர் அடுக்கு. தொட்டிலுக்கும் அதற்கும் நடுவே மட்டும் இடைவெளி விடலாகாது. விட்டால் ஜாகாவின் கட்டிற்காற்று அங்கேயும் புகுந்துவிடும்.