சுங்கை சிப்புட் தோட்டத்துக் கோயில்களுக்குப் போகும் வழி



திருவிழாக் காலம் வந்தாலே வெளியூர்ப் பிள்ளைகள் நம்மகிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "தாத்தா இருந்த தோட்டத்துக் கோயிலுக்கு எப்படிப் போறது?" வழியைச் சொல்லுமுன் அந்த வழி வந்த கதையையும் சொல்லிவிடுகிறோம்.

சுங்கை சிப்புட், கோலகங்சார் மாவட்டத்து ஊர். ஈப்போவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். 1877-இல் கோலகங்சாரில் 9 ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றும் நிற்கிறது. பிறகு ரப்பருக்கு விலை ஏறியதும் காடெல்லாம் தோட்டமானது. நம்ம பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாங்க. லயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சூலத்தை நட்டு மாரியம்மாவைக் கும்பிட்டாங்க.

1948 ஜூன் 16-இல் இந்த வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு, சோதனை என்று தோட்டத்துப் பாதைகளெல்லாம் கட்டுக்குள் வந்தன.

அதன்பின் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். இதே ஊரில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனாங்க. சில தோட்டங்கள் நம்மவர் கைக்கு வந்தன. மற்ற பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்தது, சனங்கள் தாமானுக்குப் போனார்கள். பல தோட்டங்களில் கோயில் மட்டும் மிச்சம்.

இப்போ வழி: ஈப்போவிலிருந்து பழைய முதலாம் எண் சாலையிலேயே வரலாம். வடக்கிலிருந்து நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் கோலகங்சாரில் இறங்கி, பழைய சாலையில் தெற்கே வரணும். டவுனில் ரயில் நிலையமும் உண்டு. அதற்கு மேலேதான் சிரமம். செம்பனைக்குள்ளே செம்மண் ரோடு, மழை பெய்தால் சேறு. பெயர்ப்பலகை கிடையாது. "ரெண்டாம் டிவிஷன், பழைய ஸ்டோர் தாண்டி" என்று பெரியவங்க சொன்னால்தான் தெரியும்.

அந்தப் பெரியவங்க ஒவ்வொருத்தராகப் போய்க்கிட்டு இருக்காங்க. தோட்டத்துக் கோயில் நிலம் பெரும்பாலும் கோயில் பேரிலே இல்லை. தோட்டம் கைமாறும்போது, கோயில் எத்தனை காலமாக இருக்கிறது என்று பேச நம்ம கையில் ஏதாவது இருக்கணும். அதனால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், போகும் வழி, பழைய திருவிழாப் படம், எது இருந்தாலும் வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வையுங்கள். நமக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், சேர்த்து வைக்கிறோம்.

இந்தத் திருவிழாவுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. அடுத்த தலைமுறைக்கு வழி தெரியணும்.

ஓம் சக்தி.