தேனில் நீந்துவது எப்படி?

ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணி நிறைய இருக்கு மக்களே. இருந்தாலும் இன்னைக்கு ஒரு திருகாணியைப் பத்தி எழுதியே ஆகணும். காரணம் எங்கப்பா.

சர்க்கரை வியாதியால அவருக்கு விழித்திரையில நீர் கோத்துக்கிச்சு. மாசாமாசம் கண்ணுக்குள்ள ஊசி. போன வாரம் போன்ல, "ஏன்டா, காந்தத்தால ஓட்டுற குட்டி ரோபோ கண்ணுக்குள்ள போய் மருந்து கொடுக்குமாமே? அது வர்ற வரைக்கும் இந்த ஊசியை நிறுத்தி வைக்கலாமா?"ன்னு கேட்டார். திக்குன்னு ஆயிடுச்சு. தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குவோம். 1966-ல் வந்த 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' படத்துல நீர்மூழ்கியைச் சுருக்கி உடம்புக்குள்ள அனுப்புவாங்க. அது ஜோரா போகும். நிஜத்துல போகாது. ஏன்னு அழகா விளக்கினவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல். 1976-ல் அவர் ஆற்றிய உரை அடுத்த வருஷம் கட்டுரையா வந்தது. உருவம் சுருங்கச் சுருங்க, தண்ணியே தேன் மாதிரி ஆயிடும். நாம ஒரு உந்து உந்தினா கொஞ்ச தூரம் வழுக்கிட்டுப் போவோம். பாக்டீரியா உந்துறதை நிறுத்தினா ஒரு அணுவோட அகலம்கூட நகராம நின்னுடும். சிப்பி மாதிரி திறந்து மூடினாலும் போன தூரமே திரும்ப வரும். மொத்தத்துல பூஜ்யம்.

அப்ப பாக்டீரியா எப்படி நீந்துது? வாலை ஆட்டி இல்லை, சுருள் வாலைத் திருகாணி மாதிரி சுத்தின்னு 1973-ல் பெர்க்கும் ஆண்டர்சனும் சொன்னாங்க.

நம்ம இஞ்சினியர் கூட்டம் சும்மா இருக்குமா? 1996-ல் ஜப்பான்ல சின்ன காந்தத்துல சுருள் கம்பியை மாட்டி, வெளியிலிருந்து சுழலும் காந்தப்புலத்தால சுத்தவிட்டு, கெட்டியான சிலிகோன் எண்ணெய்ல நீந்த வெச்சாங்க. பேட்டரியும் வேணாம், மோட்டாரும் வேணாம். 2009-ல் ஹார்வர்டுல அம்பரீஷ் கோஷும் பீர் ஃபிஷரும் அதையே சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்தாங்க. கோஷ் அப்புறம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துட்டார். 2014-ல் அவரோட குழு மனித ரத்தத்துலயே ஓட்டிக் காட்டுச்சு.

ஆனா உடம்புல இருக்கிறது வெறும் கெட்டி எண்ணெய் இல்லை, ஒட்டிக்கிற வலை. இங்கேயும் இயற்கைதான் வாத்தியார். இரைப்பைப் புண் உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி, யூரியேஸ் என்ற நொதியால சுத்தியிருக்கிற கோழையை இளக வெச்சு வழி பண்ணிக்கும். 2015-ல் அதே நொதியைத் திருகாணி மேல பூசி, கோழைக்குள்ள ஓட்டினாங்க. 2018-ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனக் குழு, பூச்சியை வழுக்கி விழவைக்கும் குடுவைச் செடியைப் பார்த்து வழுக்குற பூச்சு போட்டது. தலைமுடியைவிட 200 மடங்கு மெல்லிசான ஆயிரக்கணக்கான திருகாணிகள் கண்ணோட ஜெல்லியைத் தாண்டி விழித்திரைக்கே போய்ச் சேர்ந்தன.

யார் கண்ணுல? பன்னிக் கண்ணுல. அதுவும் தனியா எடுத்த கண்ணு.

அப்பாவுக்கு இதைத்தான் சொன்னேன். "கண்ணுக்குள்ள போறதுக்கு வழி கண்டுபிடிச்சுட்டாங்கப்பா. ஆனா உயிரோட இருக்கிற கண்ணுக்கு ஆபத்தில்லைன்னு நிரூபிக்கணும். வேலை முடிஞ்சதும் அது அத்தனையும் என்ன ஆகும்னு பார்க்கணும். அதுக்குள்ள உங்க பார்வை காத்துட்டிருக்காது. ஊசியை விட்டுடாதீங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, அப்ப அடுத்த ஊசிக்கு நீ கூட வா"ன்னார்.

டிக்கெட் போட்டாச்சு :-)

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன். டாக்டர் பதிவர்கள் தப்பிருந்தா பின்னூட்டத்துல குட்டலாம்.