தாய்க்கு மட்டும் ஒரு சுற்றறிக்கை

1977இல் இலங்கை திறந்த பொருளாதாரத்துக்கு மாறியபின் கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று, 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம். அங்கே இளம்பெண்கள் விடுதி அறைகளில் நெருங்கித் தங்கி ஏற்றுமதி ஆடைகளைத் தைத்தார்கள். மற்றது, மத்திய கிழக்கு. 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெண்களே அதிகம். பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். அவர்கள் அனுப்பிய பணம் வீட்டு அடுப்பையும் எரித்தது, நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் தந்தது. அவர்களுடைய விசாவோ ‘கஃபாலா’ முறையில் எசமானரின் கையில் இருந்தது.

மூதூரின் றிசானா நபீக் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது, கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. பராமரிப்பில் இருந்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்தது. தந்தையரிடம் எந்த அறிக்கையும் கேட்கப்படவில்லை.

றிசானா தாயல்ல, போனபோது அவரே சிறுமி. வயதைக் கூட்டிய தரகையும் எசமானரின் அதிகாரத்தையும் விட்டுவிட்டு, பெண்ணின் காலைக் கட்டுவதற்கே பாதுகாப்பு என்று பெயரிட்டார்கள். தடை கடனை அடைக்கவில்லை. சுற்றுலா விசாவில், பதிவில்லாமல், பெண்கள் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.