இரண்டு நீள்துளைகளின் கதை

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஒரு பெட்ரோல் காரின் த்ராட்டில் பாடியைக் கழற்றிப் பாருங்கள். பட்டர்ஃப்ளை வால்வின் தண்டு முனையில் சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். டி.பி.எஸ். என்று நாங்கள் சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சார் அதுதான். பல மாடல்களில் அந்த ஸ்க்ரூ போகும் துளைகள் வட்டமாக இருக்காது. லேசாக வளைந்து நீண்டிருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பெட்டியை இப்படியும் அப்படியும் சில டிகிரி திருப்பலாம். பின்னால் வந்த வண்டிகளில் துளை வட்டமாகிவிட்டது, திருப்ப இடமில்லை. பட்டறைக் கைக்கு என்ஜினில் எவ்வளவு இடம் இருந்தது, எப்போது போனது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ராயப்பேட்டையில் நான் வேலை பழகியபோது ட்யூனிங் என்றால் கார்புரேட்டர்தான். மாருதி 800-க்குப் போட்ட மிக்குனி கார்புரேட்டரைச் செய்ததே நம் சென்னைக் கம்பெனியான யுகால். ஜெட் முதல் கேஸ்கெட் வரை எல்லாம் ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. என் மேஸ்திரி மீட்டர் எதையும் தொட்டதில்லை. ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று என்று திருப்பிக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்பார். "சத்தம் ஒரே மாதிரி உருளணும்டா. உருண்டதும் கையை எடுத்துடு" என்பார். அந்தக் காதுக்காகவே மவுண்ட் ரோட்டு டாக்ஸிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் காதின் வேலை குறையத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1967-இல் பாஷ் கம்பெனி டி-ஜெட்ரானிக் என்ற மின்னணுப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. அமெரிக்காவில், முக்கியமாகக் கலிஃபோர்னியாவில், புகைக்கு விதிக்கப்பட்ட வரம்புகளே அதற்குப் பெரிய தூண்டுதல். அந்த அமைப்பின் த்ராட்டில் ஸ்விட்சுக்குள் சீப்புப் பல் வரிசையாகத் தொடுமுனைகள் இருந்தன. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒவ்வொரு தொடுமுனையும் கம்ப்யூட்டருக்கு ஒரு துடிப்பு அனுப்பும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல். கார்புரேட்டரில் ஆக்சிலேட்டர் பம்ப் செய்த வேலை அது. அந்த ஸ்விட்சை மாட்டும் தட்டில் நீள்துளைகள் இருந்தன, திருப்புவதற்கு அளவுக்கோடுகளும் இருந்தன. மெக்கானிக் தட்டைத் திருப்பி, 'க்ளிக்' கேட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். காதை அவர்கள் ஒரேயடியாக வெளியே அனுப்பிவிடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

எழுபதுகளின் எல்-ஜெட்ரானிக்கில் அது இரண்டே தொடுமுனையாகச் சுருங்கியது: ஐடிலில் ஒன்று, முழு மிதியில் ஒன்று. இடையில் பட்டர்ஃப்ளை எங்கே நிற்கிறது என்று அந்த ஸ்விட்சுக்குத் தெரியாது. அதைச் சொல்ல வந்ததுதான் கரிப்பூச்சுத் தடத்தின்மேல் ஒரு முள் நகரும் பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழிக்குள் இருந்த அதே சரக்கு. அமெரிக்காவில் 1981 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் இதை ரோச்செஸ்டர் கார்புரேட்டருக்குள்ளேயே பொருத்தியது. கார்புரேட்டர் போனபின்தான் சென்சார் வந்தது என்று இன்று எல்லோரும் நினைக்கிறார்கள். சில காலம் இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன.

சென்னைப் பட்டறைகளுக்கு இந்தச் சென்சார் பெரிய அளவில் வந்தது 1998-க்குப் பிறகு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் எம்.பி.எஃப்.ஐ. என்ற இன்ஜெக்‌ஷன் என்ஜினோடு இறங்கியது. 2000 ஏப்ரலில் யூரோ-1-க்கு இணையான புகை விதி நாடு முழுக்க வந்தது. அதே ஆண்டு மாருதி 800-க்கும் இன்ஜெக்‌ஷன் கிடைத்தது.

அந்த ஆண்டுகளில் கெட்டுப்போன சென்சார்களைவிடக் கெடுக்கப்பட்டவையே அதிகம். ஐடிலிங் ஏறி இறங்குகிறது என்று வண்டி வரும். கார்புரேட்டரில் பழகிய கை நேரே பட்டர்ஃப்ளையின் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தேடும். தொடக்கூடாது என்று கம்பெனி பெயின்ட் வைத்து விட்டிருக்கும்; பெயின்ட் உடையும், ஸ்க்ரூ திரும்பும். சத்தம் அப்போதைக்குச் சீராகும். ஆனால் கால் எடுத்தபின்னும் பட்டர்ஃப்ளை திறந்தே இருப்பதாகச் சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் ஐடிலிங் கட்டுப்பாட்டுக்கே வராது. அடுத்த பட்டறைக்காரர் அதைச் சரிசெய்யச் சென்சாரைத் திருப்புவார். மூன்றாவது ஆள் கைக்கு வரும்போது எந்த அளவும் அதன் இடத்தில் இருக்காது. உண்மைக் காரணமோ பெரும்பாலும் த்ராட்டில் பாடியில் படிந்த கரியாகவோ, எங்கோ காற்று இழுக்கும் ரப்பர் ஹோஸாகவோ இருக்கும். அதனால் என்னிடம் வரும் பையன்களுக்கு முதல் பாடமே இதுதான்: சென்சாரைத் திருப்புவது கடைசி வேலை.

சோதிக்கும் முறை எளிது, பொறுமை வேண்டும். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பார்க்க வேண்டும். மூன்று ஒயரில் ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். பட்டர்ஃப்ளை மூடியிருக்கையில் சிக்னல் அரை வோல்ட் சுமாரில் இருக்கும். முழுக்கத் திறந்தால் 4-இலிருந்து 4.5 வரை போகும். இந்த இரண்டு எண்ணையும் பார்த்து 'சென்சார் நல்லா இருக்கு' என்று சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். கோளாறு நடுவில் இருக்கும். நகரத்தில் வண்டி ஓட்டுகிறவரின் கால் பெரும்பாலும் கொஞ்ச மிதியிலேயே நிற்கிறது. முள்ளும் தடத்தின் தொடக்கப் பகுதியிலேயே உரசி, வாசற்படி நடுவில் தேய்வதுபோல் அங்கேதான் கரிப்பூச்சைத் தின்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் விழுந்து எழும். ஓட்டுகிறவருக்கு அது 'பிக்கப்பில் ஒரு குத்து'. டிஜிட்டல் மீட்டர் எண்ணை மாற்றிக் காட்டுவதற்குள் அந்தக் கணம் போய்விடும். பழைய முள் மீட்டரை மாட்டி, பட்டர்ஃப்ளையை மெல்ல மெல்லத் திறந்தால், ஏறிக்கொண்டே போகும் முள் அந்த இடத்தில் துள்ளும். ஆஸிலோஸ்கோப் இல்லாத பட்டறைக்கு இதுவே போதும். துள்ளிய சென்சாரைத் திருப்பிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

புதியதை மாட்டும்போதுதான் நீள்துளைக்கு வேலை. ஐடில் தொடுமுனை உள்ள வகைகளில் ஸ்டாப் ஸ்க்ரூவுக்கும் நெம்புக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைப்போம். ஒரு தடிமனில் தொடுமுனை சேர வேண்டும், அடுத்த தடிமனில் விட வேண்டும். அந்த அளவுகள் மாடலுக்கு மாடல் வேறு, மேனுவலைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஸ்க்ரூவை இறுக்கும்போதே பெட்டி நகர்ந்துவிடும், ஆகவே இறுக்கியபின் மறுபடி அளக்க வேண்டும். என் மேஸ்திரி கடைசிக் காலத்தில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஃபீலர் கேஜ் அவர் கைக்கு அந்நியமில்லை. பிளாட்டினம் பாயின்ட் இடைவெளியை வாழ்நாளெல்லாம் அதில்தானே வைத்தார்.

துளை வட்டமானதற்குக் காரணம் சோம்பல் இல்லை. மூடிய நிலையில் வரும் வோல்டேஜைக் கம்ப்யூட்டரே கற்று நினைவில் வைத்துக்கொள்ளத் தொடங்கியது; 0.45 வந்தாலும் 0.6 வந்தாலும் அதுதான் பூஜ்யம். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்கள் எல்லாவற்றிலும் கோளாறைத் தானே கண்டறியும் ஓ.பி.டி.-2 முறை கட்டாயமானபின் கோளாறுக்கும் எண் வந்தது: சிக்னல் தாழ்ந்தால் பி0122, உயர்ந்தால் பி0123. ஸ்கேனரில் எண்ணைப் பார்த்ததும் சென்சாரை வாங்க ஓடுகிறார்கள். பி0122-க்கு அறுந்த ஒயரும் காரணமாகலாம், பச்சை பூத்த கனெக்டரும் காரணமாகலாம். எண் வந்தபின்னும் மீட்டர் பிடித்துத்தான் ஆக வேண்டும்.

பிறகு ஆக்சிலேட்டர் கேபிளே போனது. பி.எம்.டபிள்யூ.வின் 750-இல் 1987-லேயே ஆக்சிலேட்டர் பெடலுக்கும் பட்டர்ஃப்ளைக்கும் நடுவே ஒயர் மட்டும்தான். இப்போது சாதாரணக் கார்களிலும் அப்படித்தான். மோட்டாரே பட்டர்ஃப்ளையைத் திறப்பதால் ஒரு சென்சாரை மட்டும் நம்ப முடியாது. இரண்டு சிக்னல்கள் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. பலவற்றில் உரசும் முள் இல்லை, காந்தம்தான். தேய்மானம் போனது, சென்சார் தனியாகக் கிடைப்பதும் போனது. பல மாடல்களில் முழு த்ராட்டில் பாடியைத்தான் வாங்க வேண்டும். கரிப்பூச்சுத் தேய்ந்ததற்கு முன்பு கொடுத்த காசோடு இதை ஒப்பிட்டால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 புகை விதி வந்தபின் பைக்கும் ஸ்கூட்டரும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. டி.பி.எஸ். இப்போது மரத்தடி பைக் பட்டறைக்கும் வந்துவிட்டது. புதுப்பேட்டையில் என்னிடம் முள் மீட்டர் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் பைக் மெக்கானிக்குகள். அவர்களும் ஸ்டாப் ஸ்க்ரூவில் கை வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.